சவர முக்காலியில் மூன்று கேள்விகள்

என் நோய் சந்தோஷமாகத்தான் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனநோய் என்றால் மூலையில் உட்கார்ந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு அப்படி வரவில்லை. ஜப்பான்காரன் காலத்தில், மலாக்காச் சிறையில், அரை வயிற்றுக் கிழங்குக் கஞ்சியோடு படுத்து எழுந்த ஒரு காலையில், உலகத்திலேயே என்னைப்போல் பாக்கியசாலி யாரும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அதுதான் முதல் அறிகுறி.

அடடா, என்ன காலை அது! முந்தின இரவு நான் ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை. ஆனால் களைப்பே இல்லை. கை பறந்தது, வாய் பறந்தது. அன்று சவரம் செய்துகொண்டவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். என்னைப் பார்த்து யாருக்காவது நோயாளி என்று தோன்றியிருக்குமா? எனக்கே தோன்றவில்லை.

என் பெயர் கோவிந்தன். மலாக்காவில் காஜா பெராங் என்ற பகுதியில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தேன். கை சுத்தம், வாய்தான் நீளம். என் மனைவி செல்லம்மா கல்யாணமான முதல் வாரத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரத்தை எல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னான். இருட்டில் எழுந்து ஆறு மணி என்று சொல்ல வேண்டும். நான் சும்மா இருந்தேனா? ஒருவர் தாடையில் நுரை தடவிக்கொண்டே, "சூரியன் மட்டும் இன்னும் டோக்கியோ நேரத்துக்கு மாறலைங்க, அதையும் புடிச்சு உள்ள போடச் சொல்லணும்" என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவன் போய்ச் சொல்லிவிட்டான். சூரியன் வெளியே இருந்தது, நான் உள்ளே போனேன்.

விசாரணையில் அடித்ததைப் பற்றி எழுதப்போவதில்லை. அடி எல்லாருக்கும் ஒன்றுதான். ஒன்பது மாதம் என்றார்கள். தொழிலைக் கேட்டுவிட்டு, சிறைக்குள் எல்லாருக்கும் மொட்டை அடிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். கத்தியை வார்டர் காலையில் எண்ணிக் கொடுப்பார், மாலையில் எண்ணி வாங்கிக்கொள்வார்.

எனக்குத் தண்ணீர்ச் சட்டி பிடிக்க ஒருவர் வாய்த்தார். அவரும் காஜா பெராங்காரர்தான், மலாக்காச் செட்டி வம்சம் (தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே தங்கிவிட்ட பழைய தமிழ் வணிகர் வழி), பெயர் நாயக்கர். பெயரைக் கேட்டுத் தமிழில் பேசிவிடாதீர்கள். கோயில் உண்டு, பொங்கல் உண்டு, திருநீறு உண்டு, ஆனால் பேச்செல்லாம் மலாய். அரிசி ஒளித்து வைத்ததாகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார், அதுவும் யோசித்துவிட்டு.

சிறையில் எங்களுக்கு அடியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அது லோரி. மாதம் ஒருமுறை ஜப்பான் அதிகாரி ஒருவர் வருவார். புத்தி கெட்டுப்போன கைதிகளின் பெயர்ப் பட்டியலை மருந்தறையில் கேட்பார். பட்டியலில் இருப்பவர்களை லோரியில் ஏற்றி, வடக்கே இருந்த பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே சோறு இல்லை, மருந்து இல்லை, போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்று வார்டர்களே சொன்னார்கள். அதனால் சிறைக்குள் மனம் உடைந்தவன் அதை மறைத்தான். மறைத்தவனுக்கு இன்னும் முற்றியது. ஒருநாள் ஒரு நல்ல மனிதன் வேட்டியைக் கிழித்துக் கயிறாக்கிக்கொண்டான். அவனுக்கு நான்தான் முந்தின நாள் மொட்டை அடித்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அந்தச் சாவுக்கு அடுத்த நாள் டிரெஸர் (ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுப்பவர்) என் முக்காலியில் வந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அவரை டிரெஸர் ஐயா என்றுதான் எல்லாரும் அழைப்போம். சிறை மருந்தறைக்கு அவர் ஒருவர்தான். ஆட்களைத் தனியாக நிறுத்திப் பேச வார்டர் விடமாட்டார்.

"கோவிந்தன், எல்லா ஆக்களும் உம்மிட்டைத் தலையைக் குனிஞ்சு குடுத்திட்டு இருக்கினம். எனக்குக் கிடைக்காத நேரம் உமக்குக் கிடைக்குது. எனக்காக மூண்டு கேள்வி கேட்பீரா?" என்றார்.

"முப்பது கேக்கறேன் ஐயா!" என்றேன்.

"மூண்டு போதும். கேட்டிட்டு வாயை மூடிக்கொண்டு பதிலைக் கேளும். அதுதான் உமக்குக் கஷ்டம்."

மூன்று கேள்விகள் இவை. நேற்று தூங்கினாயா? சாப்பாடு நாக்குக்குத் தெரிகிறதா? வெளியே போனதும் முதலில் என்ன செய்வாய்? மூன்றாவதுதான் முக்கியம் என்றார். பெண்டாட்டியைப் பார்ப்பேன், மீன் குழம்பு சாப்பிடுவேன், காட்டிக்கொடுத்தவனை உதைப்பேன், எதுவானாலும் சரி. பதிலே இல்லாதவன்தான் ஆபத்தில் இருப்பவன்.

பதிலை எழுதி வைக்க முடியாது. காகிதம் கிடைத்தால் அதுவே பட்டியலாகிவிடும். அதற்கு நான்தான் வழி சொன்னேன், இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆபத்தில் இருப்பவனுக்கு மொட்டை அடிக்கும்போது வலது காதுக்குப் பின்னால் ஒரு அரிசி அளவுக்கு முடியை விட்டுவிடுவேன். மருந்து வரிசையில் நிற்கும்போது டிரெஸர் ஐயா காதைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். முடி இருந்தால் அந்த ஆளுக்குத் தோட்ட வேலை கிடைக்கும், பக்கத்தில் படுக்கப் பேச்சுத்துணை கிடைக்கும், கஞ்சி ஒரு அகப்பை கூடக் கிடைக்கும். பெயர் பட்டியலுக்குப் போகாது. வார்டருக்கு அது சவரத்தில் விட்ட குறைதான். "உனக்கு மொட்டைகூட ஒழுங்கா அடிக்கத் தெரியாதா?" என்று எத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறேன்!

அப்பா, அந்த மாதங்கள்! திட்டு வாங்க வாங்க எனக்கு உற்சாகம். காதுக்குப் பின்னால் முடியோடு போனவன் ஒருவன், இரண்டு வாரம் கழித்து என் முக்காலியில் உட்கார்ந்து, "வெளிய போனா மொதல்ல உஜோங் பாசிர்ல போய் கடல்ல வுழுவேன்யா" என்றான். அவன் தலையைச் சுத்தமாக வழித்தேன். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வார்டர் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் பாருங்கள், எல்லாரையும் நான் கேட்டேன், என்னை யாரும் கேட்கவில்லை.

நான் முதலில் சொன்ன அந்தச் சந்தோஷம் ஆறாம் மாதத்தில் வந்தது. டிரெஸர் ஐயா பிறகு அதற்கு மேனியா (மனம் அளவு மீறிப் பொங்கி ஓடும் நோய்) என்று பெயர் சொன்னார். அப்போது எனக்கு அது நோயாகவே தெரியவில்லை. தலைக்குள் எல்லா விளக்கையும் யாரோ ஏற்றிவிட்டதுபோல் இருந்தது. மூன்று நாள் தூக்கமில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்தவனை உட்கார வைத்தேன். சண்டையை ஒரே வாரத்தில் நிறுத்த எனக்கு ஒரு திட்டம் கிடைத்திருந்தது. மாதப் பட்டியல் வாங்க வரும் அதிகாரி என்னிடம்தான் சவரம் செய்துகொள்வார். அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார் என்று நம்பினேன். கையில் கத்தியோடு, ஜப்பான் அதிகாரியிடம்!

அந்த வாரம் எனக்கு மொட்டை அடிக்கும் முறை. என் தலையை வழிப்பது நாயக்கர்தான், நான் கற்றுக்கொடுத்திருந்தேன். வழித்து முடித்ததும் தலையைத் தடவிப் பார்த்தேன். வலது காதுக்குப் பின்னால் விரலில் ஏதோ தட்டியது. முடி!

விழுந்து விழுந்து சிரித்தேன். "என்னா நாயக்கரே, ஆறு மாசமா கத்தி புடிக்கிறீங்க, இன்னும் மூலைய விட்டுட்டீங்களே! குடுங்க, நானே எடுத்துக்கிறேன்" என்று மலாயில் சொல்லிக் கையை நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கத்தியை ஏற்கெனவே வார்டரிடம் கொடுத்துவிட்டிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மருந்து வரிசையில் டிரெஸர் ஐயா அதைப் பார்த்தார். என்னை மட்டுமல்ல, என் பின்னால் நின்ற அத்தனை பேர் காதையும் பார்த்தார். அன்று நான் சவரம் செய்த எல்லார் காதுக்குப் பின்னாலும் முடி விட்டிருந்தேன்! பாவம், எல்லாருமே கஷ்டப்படுகிறவர்கள்தானே என்று எனக்குத் தோன்றியிருந்தது. ஒரு கூடுதல் அகப்பைக் கஞ்சிக்கு அத்தனை தலைகள்.

அவர் என்னை என் முக்காலியிலேயே உட்கார வைத்தார்.

"நேற்று நித்திரை கொண்டீரா?"

"தூக்கமா? அது எதுக்கு ஐயா, நேரம்தான் வீணு!"

"கஞ்சி எப்பிடி?"

"அமிர்தம்!"

"கிழங்குக் கஞ்சியை அமிர்தம் எண்டு சொன்ன முதல் ஆள் நீர்தான்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "வெளியில போனா முதல் என்ன செய்வீர்?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். எத்தனை வேலை சொன்னேன் என்று நினைவில்லை. பாதியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோவிந்தன், உமக்கு வருத்தம் (நோயை அவர் அப்படித்தான் சொல்வார்). துக்கப்படுறவனைத்தான் நான் உம்மைத் தேடச் சொன்னனான். பிழை என்னிலைதான்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்லா இருக்கிறவனைப் பார்த்து நோயாளி என்கிறாரே! மறுநாள் அதிகாரி வருகிற நாள். சவரத்துக்கு நான் வேண்டும். பட்டியலுக்கு ஆட்கள் வேண்டும்.

டிரெஸர் ஐயா பதிவேட்டில் எனக்கு வயிற்றுக்கடுப்பு (இரத்தமும் சீதமும் போகிற, தொற்றுகிற பேதி) என்று எழுதினார். தொற்று நோய் என்றால் ஜப்பான்காரர்களுக்கு நடுக்கம். தடுப்புக்குப் பின்னால் இருந்த தொற்றறையில் என்னைப் படுக்க வைத்தார். ஒரு நாளும் வயிறு கெடாமல் பேதிக்கு வைத்தியம் செய்துகொண்டவன் மலாக்காவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்! கையிருப்பில் கொஞ்சம் புரோமைடு (நரம்பை அடக்கித் தூக்கம் தரும் உப்பு மருந்து) இருந்தது. அதைக் கொடுத்தார். துணைக்கு நாயக்கரையும் பேதி நோயாளி ஆக்கிவிட்டார்.

நான் பேசினேன், தமிழில், ஓயாமல். சண்டையை நிறுத்துகிற திட்டம் முழுவதையும் நாயக்கருக்கு விளக்கினேன். அவருக்கு அதில் பத்து வார்த்தைகூடப் புரிந்திருக்காது. புரியாததால் பதில் சொல்லவில்லை, மறுக்கவில்லை, தலையாட்டவும் இல்லை. என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "தீடோர் லா, கோவிந்தா" என்பார். தூங்கு என்று அர்த்தம். எதிர்ப்பேச்சு கிடைக்காமல் என் பேச்சு மெதுவாக இளைத்தது. இந்த நோய் வந்தவரோடு வாதம் செய்யாதீர்கள் என்று இன்றைக்கு எனக்குத் தெரிந்த குடும்பங்களிடம் நான் சொல்வது அங்கே படித்த பாடம்தான்.

மறுநாள் காலை அதிகாரி வந்துவிட்டார். டிரெஸர் ஐயா ஓடிவந்து என் காதருகே குனிந்தார். "வாயைத் திறந்தீர் எண்டால் லோரிதான். விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் எனக்குப் பயமே வரவில்லை! அதுதான் இந்த நோயின் கொடுமை. லோரியில் போனால் ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு போகலாமே, அங்கே போய்ச் சேர்ந்தவர்களுக்கும் மூன்று கேள்வி கேட்கலாமே என்று எனக்கு ஆசை பொங்கியது. அத்தனை பேர் நடுங்கிச் செத்த லோரிக்கு நான் ஒருவன் ஆசைப்பட்டேன்.

வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. சவரக்காரனுக்கு உண்மையிலேயே பேதியா என்று பார்க்க வந்திருக்கிறார். நாயக்கர் சட்டென்று என் பலகைப் படுக்கையில் ஏறி என் பக்கத்தில் படுத்தார். போர்வையை இருவர் மேலும் இழுத்துவிட்டு, என் வாயை உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினார்.

கதவு திறந்தது. என் திட்டத்தைக் கேட்க வேண்டிய மனிதர் பத்தடி தூரத்தில் நிற்கிறார். சொல்ல விடாமல் இந்த மனிதர் வாயைப் பொத்துகிறாரே! எனக்கு வந்த ஆத்திரத்தில் நாயக்கரின் கையைக் கடித்தேன். பல் இறங்கியது. வாயில் இரத்தம் உப்புக் கரித்தது.

நாயக்கர் கையை எடுக்கவில்லை. "ஆ...!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் முனகினார். உடம்பு சுருண்டு கால் உதறியது. கண்ணில் நீர் தாரையாக வழிந்தது. நடிப்பு இல்லை, அத்தனையும் நிஜ வலி. இடையில் மூச்சுப் பிடித்துக்கொண்டு, "சாகித் பெருட், துவான்! பெருட், பெருட்!" என்று கத்தினார். வயிறு வலிக்கிறது ஐயா என்று அர்த்தம்.

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். கதவு சாத்தப்பட்டது. அந்த மாதப் பட்டியல் வெறுங்காகிதமாகப் போனது. லோரி வரவில்லை.

அதற்குப் பிறகு எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. மருந்தும் களைப்பும் சேர்ந்து ஒருவழியாக என்னைக் கீழே தள்ளின. விழித்தபோது நாயக்கர் கையில் துணி சுற்றியிருந்தது. என்ன என்று கேட்டேன். நாய் கடித்துவிட்டது என்று மலாயில் சொன்னார். எனக்கு எல்லாம் நினைவு வந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் எனக்கு வாழ்நாளில் சொன்ன ஒரே நகைச்சுவை அந்த நாய்தான்.

பொங்கியது இறங்கும்போது பள்ளத்தில் கொண்டுபோய் விடும். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இது வந்திருந்தால் அந்தப் பள்ளம் தெரிந்திருக்கும். வெட்கம், உடம்பெல்லாம் பாரம், ஒரு கையைத் தூக்க ஒரு நாள் ஆவதுபோல் ஒரு மந்தம். அது மூன்று வாரம் இருந்தது. பிறகு ஒரு நாள் கஞ்சி சகிக்கவில்லை என்று சொன்னேன். டிரெஸர் ஐயா கை தட்டினார். "நல்லது, நல்லது! இனிச் சுகம்தான்!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கத்தியை எனக்குத் திருப்பித் தர மேலும் ஒரு மாதம் ஆனது. மூன்று கேள்வியோடு நான்காவது ஒன்றும் சேர்ந்துகொண்டது. வழக்கத்தைவிட ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாயா? முக்காலியில் உட்கார்ந்தவர்கள் இதைக் கேட்டு வெடித்துச் சிரிப்பார்கள். "ஜெயிலுக்குள்ள சந்தோஷமான்னு கேக்கறியே, மொதல்ல ஒன்னயப் புடிச்சுப் பாக்கணும்யா!" என்பார்கள். "பார்த்தாச்சு" என்பேன். டிரெஸர் ஐயாவும் வாரம் ஒருமுறை அதே முக்காலியில் என்னை உட்கார வைத்து நான்கையும் கேட்பார். பிறகு நாங்கள் இடம் மாறுவோம், நான் அவரைக் கேட்பேன். கேட்கிறவனையும் யாராவது கேட்க வேண்டும்.

சிறைக்குள் போகிற ஒவ்வொருவருடைய மனநிலையையும் முதல் வாரத்திலேயே பார்க்க வேண்டும் என்று இப்போது பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் குதிக்கத் தோன்றியது. செய்யுங்கள், உடனே செய்யுங்கள்! ஆனால் நோய் இருக்கிறது என்று ஒருவன் சொன்னால் அவனை எங்கே அனுப்புவீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். லோரி நிற்கிற இடத்தில் எவனும் உண்மை சொல்லமாட்டான். அப்புறம், அழுகிறவனோடு சேர்த்துச் சிரிக்கிறவனையும் பாருங்கள்.

ஒன்பது மாதம் முடிந்து வெளியே வந்தேன். செல்லம்மா வாசலில் நின்றிருந்தாள். காஜா பெராங் வரைக்கும் நடந்துகொண்டே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் நடையை நிறுத்தவே இல்லை.

"எனக்குத் தெரியும்ங்க. கடை தொறந்த வருசமும் உங்களுக்கு இப்படித்தான் ஆச்சு. நாலு நாளு தூங்கல, ஊருக்கே ஓசில முடி வெட்டுனீங்க" என்றாள்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க. எப்படிச் சொல்றது?" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் கையைப் பிடிக்கிறவள் இல்லை அவள்.

அன்றிலிருந்து எனக்குச் சந்தோஷத்தைக் கண்டால் பயம். நல்ல செய்தி வந்தால் முதலில் என் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பேன். பேச்சு வேகமானால் நிறுத்திவிடுவேன். வாயாடி கோவிந்தன் கடையில் சத்தமே இல்லையே என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். உயிரோடு திரும்பிவிட்டேன், ஆனால் இனி எந்தச் சந்தோஷத்தையும் நம்பிக் கை நீட்ட முடியாதா என்ற கேள்வி என்னை அரித்தது. அப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

சண்டை முடிந்துவிட்டது என்ற செய்தி ஒரு மத்தியானம் வந்தது. என் நாற்காலியில் பாதிச் சவரத்தில் இருந்தவர் நுரையோடு தெருவில் ஓடினார். காஜா பெராங் முழுக்க ஆட்கள்! தகரம் தட்டுகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள், எங்கேயோ ஒளித்து வைத்திருந்த பட்டாசை ஒருவர் கொளுத்துகிறார். நானும் ஓடினேன். என் நெஞ்சு திம் திம் என்று அடித்தது. உடம்பு லேசாகிப் பறந்தது. அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். எனக்கு அந்த லேசு தெரியும். ஐயோ, வந்துவிட்டதா?

திரும்பி வீட்டுக்கு வந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே பாயை விரித்தேன்.

"ஊரே கூத்தடிக்குது, நீங்க என்னாங்க படுக்கறீங்க?" என்றாள் செல்லம்மா.

"நாளைக்கு ஆடுறேன்."

"நாளைக்கு எவன் ஆடுவான்?"

"நான் ஆடுறேன்."

அவளுக்குப் புரிந்தது. சன்னலைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே ஆரவாரம் ஓயவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். தூக்கம் வந்தது.

விடிந்ததும் விழித்தேன். உடம்பு கனமாக, சரியாக, பாயின் மேல் கிடந்தது. மெல்ல உள்ளே தேடிப் பார்த்தேன். சந்தோஷம் போகவில்லை, அங்கேயே இருந்தது. எழுந்து கதவைத் திறந்தேன். ஆடி ஓய்ந்து ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வெறுந்தெருவில் நான் ஒருவன் மட்டும் ஆடினேன்.